இருபத்து மூன்று முதலாளிகள்

ஜூன் 2, திங்கள்

நான் கழிப்பறைக்குப் போயிருந்த நேரத்தில் என்னை மேலாளராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். கை கழுவிவிட்டு வந்ததற்கா தட்டுகிறார்கள் என்று ஒரு நொடி குழம்பிப்போனேன்.

விவரம் இதுதான். கோயம்புத்தூர் கணபதியில் இருக்கும் எங்கள் ‘தும்பை’ கிரைண்டர் கம்பெனிக்கு வாரிசாக வரப் பிள்ளைகள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே முதலாளி அதை வேலை செய்கிற எங்கள் இருபத்து மூன்று பேரிடமே ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்துகொண்டோம். ஆளுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு ஓட்டு, லாபம் எல்லோருக்கும் சமம். மேலாளரையும் நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் மேலாளருக்கு வருடக் கடைசிவரை பதவி.

நியாயமாகப் பொன்னுராஜ் அண்ணன்தான் வந்திருக்க வேண்டும். முப்பது வருட ஃபிட்டர், எந்த மெஷினுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தவர். அவர் தனக்குப் பேச்சு வராது என்று ஒதுங்கிவிட்டார். பேக்கிங்கில் இருக்கும் நாச்சிமுத்துவுக்குப் பேச்சு மட்டும்தான் வரும், அதனால் அவனை யாரும் கேட்கவில்லை. மற்றவர்கள் தரையைப் பார்த்திருக்கிறார்கள். பதினெட்டு வருடமாக மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றுகிற சுலோச்சனா, அதாவது நான், அந்த நேரம் பார்த்து எழுந்து போயிருக்கிறேன்.

முதலாளியின் ஃபேன் போட்ட அறையில் நான் உட்கார மாட்டேன் என்று அறிவித்தேன். அதற்கும் கை தட்டினார்கள்.

ஜூன் 5, வியாழன்

முதல் பொதுக்குழு. ஆரம்பித்தது நான்கு மணிக்கு, முடிந்தது ஏழு மணிக்கு. பேசிய பொருள் டீ.

பேக்கரியிலிருந்து வாங்குவதா, நாமே போடுவதா? நாமே போடுவது என்றால் யார் போடுவது? சர்க்கரை இல்லாமல் குடிக்கிற நாலு பேருக்குத் தனிப் பாத்திரமா? டம்ளர் கழுவுவது டீ போட்டவரா, குடித்தவரா? மூன்று முறை ஓட்டெடுத்தோம். கடைசியில் பேக்கரியிலிருந்தே வாங்குவது என்று முடிவாயிற்று. இத்தனை நாளும் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தோம்.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் ஒரு மில்லில் பஸ் ஓட்டுகிறார். “உங்க கம்பெனில யாரு முதலாளின்னு கண்டுபுடிச்சாச்சா?” என்று கேட்டார். நாங்கள் எல்லோரும்தான் என்றேன். அப்படியானால் டீ கொண்டுவருவது யார் என்றார். நான் மாவு கரைக்கப் போனேன்.

ஜூன் 13, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை நான் எழுதியே ஆக வேண்டும்.

எங்கள் கிரைண்டருக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. ஒரு வருடம் ஓடினால் நடுத்தண்டு வழியாக மாவுத்தண்ணீர் ஒழுகி மோட்டாருக்குள் இறங்கும். முதலாளி அதற்காக எஞ்சினியர்களைக் கூட்டிவந்தார். அவர்கள் படம் வரைந்து கொடுத்துவிட்டுப் போனார்கள், ஒழுகுவது நிற்கவில்லை.

காலையில் பொன்னுராஜ் அண்ணன் ஒரு கிரைண்டர் டிரம்மை என் முன்னால் வைத்தார். தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்துக்கு மேலே குடை மாதிரி இன்னொரு சின்ன வளையம். மூன்று நாளாகத் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்துவிட்டாராம், ஒரு சொட்டு இறங்கவில்லை. எப்போது யோசித்தீர்கள் என்று கேட்டேன். ஒன்பது வருடம் ஆகிறது என்றார்.

“ஒம்போது வருசமா ஏனுங்கண்ணா சொல்லல?”

“யாரு கேட்டாங்க?”

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் சற்றுப் பொறுத்து, இப்போதும் யாரும் கேட்கவில்லை, ஆனால் இப்போது ஒழுகினால் அது நம்ம மானம் இல்லையா என்றார். மேலாளர் அழக்கூடாது என்பதால் தும்மல் வருவதுபோல் நடித்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஒழுகாத கிரைண்டர் என்ற சேதி பாலக்காடுவரை போய்விட்டது. அங்குள்ள ஒரு வியாபாரி ஓணத்துக்கு இரண்டு மடங்கு சரக்கு கேட்கிறார். தீபாவளிக்கும் வேண்டுமாம். இருபத்து மூன்று பேரால் முடியாது, ஆள் எடுக்க வேண்டும்.

பொதுக்குழுவில் பொன்னுராஜ் அண்ணன் புதிதாக ஆறு பேரைச் சங்கத்தில் சேர்க்கலாம் என்றார். சத்தம் வந்துவிட்டது. ஆறு பேர் சேர்ந்தால் லாபத்தை இருபத்தொன்பதாகப் பிரிக்க வேண்டும். தீபாவளிக்கு அப்புறம் வேலை குறையும்போதும் அவர்கள் இருப்பார்கள், நேற்று வந்தவனுக்கும் பதினெட்டு வருடம் உழைத்தவளுக்கும் ஒரே ஓட்டு. இந்தக் கடைசி வாதத்தை யார் சொன்னார்கள் என்று சரியாக நினைவில்லை.

சங்கடம் வேண்டாம் என்று ரகசிய ஓட்டு வைத்தோம். கழுவின டிரம் ஒன்றுதான் பெட்டி. சேர்க்கலாம் என்று பதினொன்று, வேண்டாம் என்று பன்னிரண்டு. யார் அந்தப் பன்னிரண்டு பேரோ. மனிதர்களைக் கணிக்கவே முடிவதில்லை.

பிறகு, ஆறு பேரைத் தினக்கூலிக்குத் தற்காலிகமாக எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அது இரண்டே நிமிடத்தில் நிறைவேறியது. டீக்கு மூன்று மணி நேரம் எடுத்த அதே ஆட்கள்தான்.

ஜூலை 21, திங்கள்

ஆறு பேர் வந்துவிட்டார்கள். நாலு பெண்கள், இரண்டு ஆண்கள். கரும்புக்கடை பகுதியிலிருந்து வருகிற ஜரினாவை என் பக்கத்தில், கம்பி சுற்றும் வைண்டிங்கில் உட்கார வைத்தேன். முப்பது வயது இருக்கும். இதற்கு முன் வேலை பார்த்த மோட்டார் கம்பெனியை மூடிவிட்டார்களாம்.

நான் ஒரு நாளைக்குப் பதினாலு மோட்டார் சுற்றுவேன், கம்பெனியில் அதுதான் உயர்ந்த கணக்கு. ஜரினா முதல் நாளே இருபது சுற்றினாள். புதிது என்பதால் ஒரு வேகம் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும்.

ஜூலை 29, செவ்வாய்

இன்று இருபத்திரண்டு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காகிதங்கள் காற்றில் பறக்கின்றன, ஃபோன் பேசவும் இடமில்லை. ஆகவே முதலாளி அறைக்கு மாறிக்கொண்டேன். வசதிக்காக அல்ல. வைண்டிங்கை ஜரினா பார்த்துக்கொள்கிறாள்.

ஆகஸ்ட் 6, புதன்

நாச்சிமுத்து மீது ஒழுங்கு நடவடிக்கை. சாப்பிட்டதும் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய்ப் படுத்தால் மூன்றரைக்குத்தான் எழுந்திருக்கிறான். பழைய முதலாளி காலத்தில் ஒன்றரைக்கே எழுப்பிவிடுவார்கள். இப்போது எழுப்பப் போனால், தானும் இருபத்து மூன்றில் ஒரு முதலாளி என்கிறான்.

பொதுக்குழுவில் அவனை விளக்கம் சொல்லச் சொன்னோம். அவன் எழுந்து நின்று, முதல் மூன்று நிமிடம் தன் தவறை ஒத்துக்கொண்டான். பிறகு வெயில் காலத்தில் தகரக்கூரைக்குக் கீழே வேலை செய்யும் எல்லோருடைய உடல்நிலையைப் பற்றியும் கவலைப்பட்டான். அப்புறம் தன் அப்பாவுக்கு இருந்த சர்க்கரை நோய்க்கு வந்தான். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தீர்மானம் தோற்றது. இனிமேல் இந்த மாதிரிப் புகார்களை விசாரிக்க மூன்று பேர் கொண்ட ஒழுங்குக் குழு அமைத்தோம். அதில் நாச்சிமுத்துவும் இருக்கிறான்.

ஆகஸ்ட் 30, சனி

ஓணத்துச் சரக்கு மொத்தமும் போய்ச் சேர்ந்தது, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. முதல் லாபப் பங்கைப் பிரித்தோம். மகளின் ஹாஸ்டல் பணத்தை யாரிடமும் கைமாற்று கேட்காமல் கட்டப்போகிறேன். பொன்னுராஜ் அண்ணன் கவரை வாங்கிப் பார்க்காமலேயே சட்டைப்பையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். ஆனால் நாள் முழுக்க விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

தற்காலிக ஆட்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கு அரைக் கிலோ மைசூர்பாகு.

டீ நேரத்தில் ஜரினா அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“அக்கா, நாங்க எப்போ மெம்பர் ஆவோம்?”

“அதெல்லாம் பொதுக்குழுல வெக்கணும்மா.”

“பொதுக்குழுவ யாரு கூட்டணுமுங்கக்கா?”

மேலாளர்தான் கூட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு ஃபோன் செய்ய வேண்டியிருந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

டிரம்முக்கு வெளியே பெயின்ட் அடித்துத் தருகிறவர் ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் இழுத்தடிக்கிறார். சொந்தமாக மெஷின் வாங்கினால் நல்லது. ஆனால் அதன் பலன் கைக்கு வர நாலைந்து வருடம் ஆகும், அதுவரை பங்கு குறையும். நான் பொதுக்குழுவில் வைத்தேன்.

பொன்னுராஜ் அண்ணன் எதிர்த்தார். எனக்கு அதிர்ச்சி. அவர் நேர்மையாகவே சொன்னார்: இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு, வெளியே போனால் பங்கும் கிடையாது, மெஷின் பலன் தரும்போது அதைப் பார்க்கக்கூட உள்ளே விட மாட்டார்கள். அவர் வயதில் இன்னும் எட்டுப் பேர் இருக்கிறார்கள், அத்தனை தலையும் ஆடியது, பங்கு குறையுமே என்ற மற்ற சிலரும் சேர்ந்துகொண்டார்கள். தீர்மானம் தோற்றது.

ஒழுகலை நிறுத்தியவரும் இவர்தான், பெயின்ட் மெஷினை நிறுத்தியவரும் இவர்தான். கோபப்படலாம் என்று பார்த்தேன். அவர் இடத்தில் நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்ததும் விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

தீபாவளிச் சரக்கு பாதிகூட முடியவில்லை. இன்று காலை டீக்கு வெளியே போன ஆறு பேரும் திரும்பி உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் கிடையாது, கொடி கிடையாது. ஜரினா வெங்காயம் வாங்கி வைத்திருந்தாள், உட்கார்ந்த இடத்தில் உரித்துக்கொண்டிருந்தாள்.

நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்தே பேசினேன். இந்த நேரத்தில் இப்படிச் செய்யலாமா, எதுவாக இருந்தாலும் பேசித் தீர்க்கலாமே என்றேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. அப்போது சொன்னேன்: “உங்களையெல்லாம் எங்க குடும்பத்துல ஒருத்தராத்தான நெனச்சுட்டு இருக்கோம்.”

எனக்குப் பின்னால் நாச்சிமுத்து சிரித்துவிட்டான்.

“சுலோக்கா, பன்னெண்டு வருசத்துக்கு முந்தி போனஸுக்கு நாம வெளிய நின்னப்ப, முதலாளி இதே கம்பியப் புடிச்சுட்டு இதையேதான் சொன்னாரு. நீங்க அவரு மேல செருப்ப வீசினீங்க.”

எனக்கு அப்படி எதுவும் நினைவில்லை.

ஜரினா எழுந்து கேட்டுக்குப் பக்கத்தில் வந்தாள்.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, போதும். ஜூலைல ஓட்டு எடுத்தீங்களாமே. நீங்க எதுக்குப் போட்டீங்க?”

ரகசிய ஓட்டு என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வெங்காயத்திடம் போனாள்.

ரகசிய ஓட்டு என்பது மிக நல்ல ஏற்பாடு.

அந்தச் செருப்பு அவர் மேல் படவில்லை, கேட்டில்தான் பட்டது.

செப்டம்பர் 26, வெள்ளி

காலையிலேயே பொதுக்குழுவைக் கூட்டினேன். ஒரே பொருள்: ஆறு பேரையும் சங்கத்தில் சேர்ப்பதா, வேண்டாமா.

முதலில் நாச்சிமுத்து எழுந்தான். ஜூலையில் சேர்க்கலாம் என்றுதான் போட்டேன் என்றான். காரணத்தையும் சொன்னான்: ஆள் கூடினால் தான் தூங்குவது யாருக்கும் தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், “மேலாளரு என்ன நெனைக்கிறாருன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்” என்றார் பொன்னுராஜ் அண்ணன்.

இருபத்திரண்டு முகங்கள் என் பக்கம் திரும்பின. தயாரித்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது, சங்கத்தின் நீண்டகால நலன் என்று தொடங்கும். அது வாய்க்கு வரவில்லை.

“அந்தப் பன்னெண்டுல நானும் ஒருத்தி” என்றேன். “பங்கு கொறஞ்சுரும்னு பயந்துதான் போட்டேன். அதுக்கப்புறம் ஜரினா கை வேகத்தப் பாத்தேன். இவ ஓட்டோட உள்ள வந்தா எனக்கு இங்க என்ன மரியாதைன்னு தோணிருச்சு. அதான் ஒரு மாசமா இதக் கூட்டத்துல வெக்காம இழுத்தேன்.”

யாராவது திட்டினால் பரவாயில்லை என்று இருந்தது. கடைசியில் டெஸ்டிங்கில் இருக்கும் ஒருவர், தானும் அந்தப் பன்னிரண்டில் ஒருவர் என்றார். இன்னொரு அக்கா தானும் என்றார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பன்னிரண்டு பேர் பதினைந்தாகிவிட்டார்கள். மூன்று பேர் எதற்காகச் சேர்ந்து ஒத்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை.

கை தூக்கி ஓட்டெடுத்தோம். சேர்க்கலாம் பதினாலு, வேண்டாம் ஒன்பது.

சேதி சொல்ல நானே கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனேன். ஜரினா நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லைதான். சாயங்காலத்துக்குள் பதினோரு மோட்டார் சுற்றிவிட்டாள்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிச் சரக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்விட்டது. இன்று இருபத்தொன்பது பேருக்கும் சமமாகப் பங்கு. என் கவர் மெலிந்திருந்தது உண்மை. எவ்வளவு மெலிந்தது என்று மூன்று முறைதான் எண்ணிப் பார்த்தேன்.

உறுப்பினரானதும் ஜரினா கொண்டுவந்த முதல் தீர்மானம்: கம்பெனியில் நல்ல ஃபேன் இருக்கும் ஒரே அறையில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அதைச் சாப்பாட்டு அறையாக்க வேண்டும். இருபத்தெட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நிறைவேறியது. நான் காகிதங்களை எடுத்துக்கொண்டு வைண்டிங் மேசைக்குத் திரும்பினேன்.

நவம்பர் 20, வியாழன்

சரக்கு போகவில்லை. தீபாவளிக்கு அப்புறம் எப்போதும் மந்தம்தான், இந்த முறை மோசம். எங்கள் ரப்பர் வளையத்தைப் பார்த்து வேறு மூன்று கம்பெனிகள் செய்துவிட்டன, விலையும் எங்களைவிடக் குறைவு. பெயின்ட் நாங்கள் இன்னும் வெளியேதான் அடிக்கிறோம். பாலக்காட்டு வியாபாரி ஃபோனில் ரொம்ப மரியாதையாகப் பேசினார். மரியாதை கூடினால் ஆர்டர் இல்லை என்று அர்த்தம்.

இருபது பேருக்குத்தான் வேலை இருக்கிறது. ஆட்கள் இருபத்தொன்பது பேர்.

டிசம்பர் 1, திங்கள்

பொன்னுராஜ் அண்ணன் எழுந்து, யாரையும் விலக்க வேண்டாம், கடைசியாக வந்த ஆறு பேர் மட்டும் பொங்கல்வரை வீட்டில் இருக்கட்டும் என்றார். பங்கு கிடையாது, பெயர் பதிவில் இருக்கும். அவர் கெட்டவர் இல்லை, சொல்லும்போது அந்த ஆறு பேர் பக்கம் பார்க்கவில்லை. பழையவர்கள் இருபத்து மூன்று பேர், புதியவர்கள் ஆறு. ஓட்டு எடுத்தால் முடிவு என்ன என்று ஓட்டு எடுக்காமலே தெரியும். யாரோ டிரம்மை எடுத்துவரப் போனார்கள்.

ஜரினா எழுந்தாள்.

“எங்கள அனுப்பணும்னா அனுப்புங்க. ஆனா பெட்டில காகிதம் போட வேண்டாம். ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, எங்க பேரச் சொல்லி, மூஞ்சியப் பாத்து போன்னு சொல்லுங்க. நாங்க போயிர்றோம்.”

டிரம் எடுக்கப் போனவர் பாதி வழியில் நின்றுவிட்டார். யார் எழுந்திருப்பார்கள் என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம். பொன்னுராஜ் அண்ணன் எழ முயன்றார். அவள் மதியம் கொடுத்த ஊறுகாயைச் சாப்பிட்டிருந்தார். உட்கார்ந்துவிட்டார்.

அப்போது நாச்சிமுத்து கேட்டான்: ஆறு பேரை அனுப்புவதற்குப் பதிலாக, எல்லோரும் வாரத்தில் நாலு நாள் வந்தால் என்ன? இருக்கிற வேலையைப் பிரித்துக்கொள்ளலாம், வருகிற பணத்தையும் பிரித்துக்கொள்ளலாம். சொல்லும்போதே அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். வாரத்துக்கு மூன்று நாள் லீவு என்பது அவன் வாழ்நாள் கனவு.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் தப்பு எதுவும் இல்லை. சோம்பேறி சொன்னதால் ஒரு யோசனை கெட்டுப்போய்விடாது. இருபத்து நாலு கைகள் உயர்ந்தன. பொன்னுராஜ் அண்ணன் கை கடைசியாக, முனகிக்கொண்டே.

டிசம்பர் 5, வெள்ளி

வேலை நாள், ஆனால் வீட்டில் இருக்கிறேன். பழக்கம் இல்லாததால் காலையிலேயே இரண்டு முறை வீடு கூட்டினேன். இந்த மாதம் சீட்டுப் பணம் கட்டுவது கஷ்டம், எண்ணெயும் குறைத்துத்தான் ஊற்றுகிறேன்.

வீட்டுக்காரரும் பத்து மணிக்கே திரும்பிவிட்டார். மில்லில் இரண்டு பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம். நோட்டீஸ் போர்டில் இவரையும் சேர்த்து நாலு டிரைவர் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். கிண்டலுக்குத் தயாராக இருந்த என் வாயை மூடிக்கொண்டேன்.

சாப்பிடும்போது இலேசாகக் கேட்டார்: “உங்க கம்பெனில லோடு வண்டிக்கு ஆள் எடுக்கறாங்களா?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. “பொதுக்குழுல வெக்கணுமுங்க” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரசம் அவருக்குப் புரையேறியது.

ஜனவரி 5, திங்கள்

என் பதவி முடிந்தது. புது மேலாளர் தேர்தல்.

போட்டி இரண்டு பேருக்குள். நாச்சிமுத்துவுக்கு நாலு நாள் வாரத்தால் நல்ல செல்வாக்கு. ஜரினாவுக்கு அந்த அளவு இல்லை. பெயின்ட் மெஷினை இந்த வருடமே வாங்க வேண்டும் என்றும், ஓய்வு பெற்றுப் போகிறவர்களுக்கும் அதில் சில வருடம் பங்கு தரலாம் என்றும் பேசினாள். மெஷின் என்றதும் பலருக்கு முகம் சுருங்கிவிட்டது. பொன்னுராஜ் அண்ணன் மட்டும் எத்தனை வருடம் என்று கேட்டார். கணக்குப் போட்டுக்கொண்டு வந்து சொன்னாள்.

மறுபடியும் ரகசிய ஓட்டு, கழுவின டிரம். ஜரினாவுக்குப் பதினைந்து, நாச்சிமுத்துவுக்குப் பதினாலு.

நாச்சிமுத்து தோல்வியைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டு, அரை மணி நேரம் பேசினான். ஜரினா என்னிடம் வந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டாள். நாளை முதல் வைண்டிங்கில் அவள் பங்கையும் நான் பார்க்க வேண்டும், முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றேன். முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

நான் ஜரினாவுக்குத்தான் போட்டேன். யாராவது கேட்பார்கள் என்று சாயங்காலம்வரை காத்திருந்தேன், டீ நேரத்தில் அவள் பக்கத்தில்கூடப் போய் நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னால் நன்றாக இருக்காது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.